நூலும் நிலமும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

நம் படிப்பகத்திற்கு மாலையில் வரும் இளைஞர் தொகை குறைந்து வருகின்றது என்று கழகத்தார் கவலைப்படுகின்றனர். பிள்ளைகள் பலர் கல்லூரியில் வணிகவியல் பயில்கின்றனர். சிலர் வீட்டுமனை விற்பனை, தரகு என்று தொழிலில் இறங்கிவிட்டனர். அவர்களை அழைத்து, ‘நம் பெரியோர் எழுதியவற்றைப் படிக்க வாருங்கள்’ என்றால், ‘ஐயா, அது சோறு போடுமா?’ என்று கேட்கின்றனர். மறுபுறம், ‘பணத்தின் பின்னே ஓடும் பிள்ளைகள் பிறந்த சமுதாயத்தை மறந்துவிடுவார்கள்’ என்று முதியோர் வருந்துகின்றனர். இரு சாராரின் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும், வயிற்றை வளர்க்கும் கல்வியும் வாழ்வை வளர்க்கும் கல்வியும் ஒன்றோடொன்று ஒட்டாத இரு கரைகள்தாமா? இவ்வினாவைப் பல நூற்றாண்டுகளாகத் தம்முள் கேட்டுக் கேட்டு, தமக்குள்ளேயே வாதிட்டு வந்த மக்கள் ஒருவர் உளர். அவர்கள் யூதர்கள். காலையில் தம் பழைய மறைநூற் கல்வியும், மாலையில் வணிகமும் நில, கட்டட வாணிகமுமாகப் பயிலும் இளைஞர்கள் அவர்களிடையே இன்று பல்லாயிரவர். அவர்கள் வரலாற்றிலிருந்து நாம் அறியத்தக்கன சில உள.

நமக்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நேரான தொடர்பே உண்டு. அண்ணல் அம்பேத்கர் 1913ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயிலச் சென்றார். அங்கே அவருக்குப் பொருளியல் கற்பித்த பேராசிரியர் எட்வின் செலிக்மன் யூதக் குடியிற் பிறந்தவர். அண்ணல் எழுதி 1925இல் வெளிவந்த மாகாண நிதி பற்றிய ஆய்வு நூலுக்கு முன்னுரை வழங்கியவரும் அவரே. அவருடைய தந்தை ஜோசப் செலிக்மன், 1837இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா சென்று, உழைத்துப் பெரும் வங்கியாளராக உயர்ந்தவர். அவ்வளவு உயர்ந்த பின்னரும், 1877ஆம் ஆண்டு சரட்டோகா என்னும் ஊரில் ஒரு பெரிய விடுதியில், யூதர் என்ற ஒரே காரணத்திற்காக அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. பணம் இருந்தும் கதவு திறக்கவில்லை! செல்வம் மட்டுமே இழிவைத் துடைத்துவிடாது என்பதை நாமும் அறிவோம்; அவர்களும் அறிந்தனர்.

செலிக்மன் குடும்பத்தார் பழைய சமயக் கல்வியிலிருந்து விலகி வாழ்ந்தவர்கள். ஆனால் 1881க்கும் 1924க்கும் இடையே ருஷ்யா, போலந்து முதலிய நாடுகளிலிருந்து ஏறத்தாழ 20 இலட்சம் ஏழை யூதர்கள் அமெரிக்காவுக்கு வந்தனர். நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில் நெருக்கடியான குடியிருப்புகளில் தங்கி, தையற்கூடங்களிலும் தள்ளுவண்டிகளிலும் அவர்கள் பிழைத்தனர். அவர்களுள் பலர் தம் நூல்களையும் உடன் கொண்டு வந்தனர். பகலெல்லாம் உழைத்தவர் இரவில் அந்நூலைப் பிரித்து வைத்து ஓதினர். அந்த நூல் எத்தகையது என்று முதலில் காண்போம்.

யூதர்களின் மறைக்குத் தோரா என்று பெயர். அதன் வழி எழுந்த வாய்மொழிச் சட்டங்கள் ஏறத்தாழக் கி.பி. 200இல் மிஷ்னா என்னும் நூலாகத் தொகுக்கப்பட்டன. அவற்றின் மீது பாபிலோனியாவில் அறிஞர்கள் பல தலைமுறைகளாக நிகழ்த்திய வாதங்களும் சேர்ந்து தல்மூது என்னும் பெருநூலாயிற்று. அது வினாவும் விடையும் மறுப்புமாகச் செல்வது. தோற்ற கட்சியின் வாதமும் அதில் அழிக்கப்படாமல் காக்கப்பட்டுள்ளது. அதைக் கற்கும் பள்ளிக்கு எஷிவா என்று பெயர். அங்கே மாணவர்கள் இருவர் இருவராக எதிரெதிரே அமர்ந்து, உரத்த குரலில் படித்து, ஒருவர் கூற்றை மற்றவர் மறுத்து மறுத்துக் கற்பர். அமைதியாக இரு என்று அதட்டும் ஆசிரியர்க்கு அங்கே வேலையில்லை. இரைச்சல் குறைந்தால்தான் கவலைப்பட வேண்டும்!

மறைக்கல்வி என்றவுடன் வழிபாடும் வானுலகமுமே அதில் இருக்கும் என்று எண்ணுகின்றோம். ஆனால் தல்மூதின் ஒரு பெரிய பகுதி கடன், வாடகை, கூலி, கூட்டு வாணிகம், அடைக்கலப் பொருள், நிலவிற்பனை பற்றியது. பத்து வயதுச் சிறுவன் பெரும்பாலும் முதலில் கற்கும் பாடங்களுள் ஒன்று, தெருவில் கிடந்த பொருளைக் கண்டெடுத்தவன் எப்போது அதை உரியவனைத் தேடிக் கொடுக்க வேண்டும் என்பதாகும். பாபா பத்ரா என்னும் பகுதி, ஒரே முற்றத்தைப் பகிர்ந்துகொள்ளும் இருவர் நடுவே சுவர் எழுப்பினால் அதன் இடமும் செலவும் எப்படிப் பங்கிடப்படும் என்னும் கேள்வியோடு தொடங்குகின்றது. வணிகமும் நிலமும் பயிலச் செல்லும் யூத இளைஞன் தன் மரபை விட்டு வெளியேறுகின்றான் என்பது இதனால் முழு உண்மையன்று. பழைய ஏட்டில் கற்றதையே புதிய ஏட்டில் மீண்டும் காண்கின்றான்.

சில விதிகளை எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டையோ வயலையோ ஒருவன் மூன்றாண்டு தடையின்றி அனுபவித்து வந்து, அதை விலைக்கு வாங்கியதாகவும் கூறுவானாயின், பத்திரம் கையில் இல்லாவிடினும் அவனே உடைமையாளன் எனக் கொள்ளப்படுவான். வாங்கினேன் என்னும் கூற்று இல்லாமல் வெறும் அனுபவம் மட்டும் போதாது. மூன்றாண்டு என்று வைத்ததற்கு அறிஞர் கூறும் காரணம் நோக்கத்தக்கது. மக்கள் அதற்கு மேல் பத்திரத்தைப் பாதுகாத்து வைப்பதில்லை என்பதே அது. மனித இயல்பை அறிந்து சட்டம் வகுத்திருக்கின்றனர். மற்றொன்று: ஒருவன் தன் வயலை வெளியாளுக்கு விற்றால், அடுத்த வயற்காரன் அதே விலையைக் கொடுத்து அதைத் தான் பெற்றுக்கொள்ள உரிமையுடையவன். விற்பவனுக்கு இழப்பில்லை, அண்டை வீட்டானுக்கு நன்மை உண்டு. அத்தகைய நன்மையைச் செய்வது கடமை என்று விதித்தனர்.

விலையைப் பற்றியும் ஒரு விதி உண்டு. சந்தை விலையினும் ஆறில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கியிருந்தால், வாங்கிய மிகையைத் திருப்பித் தரவேண்டும். அதனினும் மிகுந்தால் விற்பனையையே தள்ளிவிடலாம். ஆயின் இவ்விதி நிலத்திற்குப் பொருந்தாது. நிலம் வாங்குவோனை இந்த விதி காக்க வராது. அவன் தன் கண்ணாலும் அறிவாலுமே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். ‘நிலம் வாங்குமுன் படி’ என்பதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டுமோ?

இவ்வளவு நுட்பமாக நிலச் சட்டம் வகுத்த மக்களுக்கே ஐரோப்பாவில் நிலம் மறுக்கப்பட்டது என்பது வரலாற்றின் கொடுமை. பல நாடுகளில் அவர்கள் நிலம் வைத்திருக்கலாகாது. கைத்தொழில் சங்கங்களில் சேரலாகாது. வட்டித் தொழிலும் சிறு வாணிகமும் அவர்களுக்கு எஞ்சின. பிறகு, ‘யூதன் என்றால் வட்டிக்காரன்’ என்று அவர்களையே ஏசினர். ஷேக்ஸ்பியரின் ஷைலாக்கைப் பள்ளியில் படித்த நாம், ஷைலாக்கை உண்டாக்கிய சட்டங்களைப் படிக்கவில்லை. ஒரு தொழிலில் ஒரு மக்களைத் தள்ளிவிட்டு, அத்தொழிலின் பெயராலேயே அவர்களை இழிவு செய்யும் முறை நமக்குப் புதியதா, தோழர்களே?

1555ஆம் ஆண்டு போப் நான்காம் பவுல், ரோம் நகரத்து யூதர்கள் தம் அசையாச் சொத்துகளை விற்றுவிட்டு, மதில் சூழ்ந்த சேரி ஒன்றனுள் வாடகைக்குக் குடியிருக்க வேண்டும் என்று ஆணையிட்டார். வீட்டுக்காரர் நினைத்தால் வாடகையை ஏற்றலாம். குடியிருப்போரைத் தெருவில் நிறுத்தலாம். அப்பொழுது அவர்களுக்குத் துணை வந்தது பழைய நூற்கல்வியே. நீண்ட அனுபவத்தால் உரிமை பிறக்கும் என்னும் தல்மூதுக் கோட்பாட்டிற்கு எபிரேய மொழியில் ஹஸாக்கா என்று பெயர். அதைக் குடியிருப்பு உரிமையாக வளர்த்து, ஒரு யூதன் குடியிருக்கும் வீட்டை மற்றொரு யூதன் கூடுதல் வாடகை பேசிப் பறிக்கலாகாது என்று தமக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டனர். நாளடைவில் அவ்வுரிமை இத்தாலியில் ஆட்சியாளராலும் ஏற்கப்பட்டு, ‘காஸாகா உரிமை’ என்றே வழங்கலாயிற்று. சொந்தமாக ஒரு கல்லும் இல்லாத மக்கள், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லவும் பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கவும் தக்க ஓர் உரிமையைத் தம் கல்வியாலும் ஒற்றுமையாலும் படைத்துக்கொண்டனர். நூலறிவு சோறு போடுமா என்று கேட்கும் தம்பிக்கு இதுவே நம் முதல் விடை. ரோமில் அது கூரையாக நின்றது.

இனிக் கடனைப் பற்றிச் சில சொற்கள். யூதன் யூதனிடம் வட்டி வாங்குதல் அவர்கள் மறையில் விலக்கப்பட்டது. வாணிகம் பெருகியபோது முதல் இல்லாமல் தொழில் நடவாது. வட்டியின்றி முதல் கொடுப்பார் அரியர். இச்சிக்கலை அவர்கள் எண்ணிப் பார்த்தனர். கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி கடன், ஒரு பகுதி கூட்டு முதல்; கூட்டு முதலின் இலாப நட்டத்தில் கொடுத்தவனுக்கும் பங்கு உண்டு என்று ஓர் ஆவண முறையை வகுத்தனர். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் போலந்து நாட்டுக் கிராக்கோவில் அதற்கு ஒரு வடிவம் தரப்பட்டது. இன்றும் இஸ்ரேல் நாட்டு வங்கிகள் அத்தகைய ஆவணத்தைக் கையாள்கின்றன. நிதியியல் பயிலும் மாணவனுக்கு, கடனுக்கும் பங்கு முதலுக்கும் உள்ள வேறுபாடு இங்கேயே விளங்கிவிடுகின்றது. ஏழைகளுக்கு இந்த ஆவணமும் தேவையில்லை. அவர்களுக்கு வட்டியில்லாக் கடன் தருதல் அறங்களுள் தலையாயது. 1892ஆம் ஆண்டு நியூயார்க்கில், வந்தேறிய ஏழை யூதர்களுக்காக 95 டாலர் முதலுடன் ஒரு வட்டியில்லாக் கடன் சங்கம் தொடங்கப்பட்டது. தையல் இயந்திரம் வாங்கவும் தள்ளுவண்டிச் சரக்கு வாங்கவும் அத்தகைய சங்கங்கள் உதவின. தொடங்கி 130 ஆண்டுகள் கடந்தும் அது இயங்கி வருகின்றது.

இவற்றைக் கேட்டு, யூதர்கள் அனைவரும் இரு கல்வியையும் இணைப்பதில் ஒருமனம் உடையவர் என்று எண்ணிவிடலாகாது. இதில் அவர்களுக்குள் பெரும் பிணக்கு உண்டு. மைமோனிடிஸ் என்னும் பேரறிஞர் 1138 முதல் 1204 வரை வாழ்ந்தவர். மறைக்கல்வியைப் பிழைப்புக்கு வழியாக்கிப் பிறர் கொடையில் வாழ்வதை அவர் வன்மையாகக் கண்டித்தார். அவர் தம்பி தாவீது மணிக்கல் வணிகர். அவ்வாணிகமே குடும்பத்தைத் தாங்கியது. இந்தியாவை நோக்கிக் கடலில் சென்ற அத்தம்பி கப்பலோடு மூழ்கினார். துயரத்தில் நெடுநாள் கிடந்த மைமோனிடிஸ், பின்னர் மருத்துவத் தொழில் செய்து குடும்பத்தைக் காத்தார், நூல்களையும் எழுதினார்.

ஆனால் பிற அறிஞர்கள், கற்போர்க்குச் சமுதாயம் உணவளித்தல் கடமை என்றனர். வணிகன் ஒருவனும் மாணவன் ஒருவனும் உடன்பாடு செய்துகொண்டு, ஒருவன் ஈட்ட, மற்றவன் கற்க, பொருளையும் புண்ணியத்தையும் இருவரும் பங்கிட்டுக்கொள்ளும் முறையும் அவர்களிடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் சாம்சன் ரபேல் ஹிர்ஷ் என்பவர், மறைக்கல்வியும் உலகக் கல்வியும் ஒரே கூரையின் கீழ் நடைபெற வேண்டும் என்று 1853இல் பிராங்க்பர்ட் நகரில் ஒரு பள்ளி நிறுவினார். இளமையில் வணிகத் தொழில் பழகியவர் அவர். ருஷ்யப் பேரரசில் 1803இல் தொடங்கிய புகழ்பெற்ற வொலோழின் எஷிவாவோ, உலகப் பாடங்களை மிகுதியாகப் புகுத்த அரசு வற்புறுத்தியபோது, 1892இல் மூடப்பட்டது. பின்னர், இட்லரின் ஆட்சியில் 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டு, கிழக்கு ஐரோப்பாவின் எஷிவாக்கள் அழிந்தபோது, எஞ்சியோர், ‘முதலில் நூலைக் காப்போம், பிழைப்பைப் பிறகு பார்ப்போம்’ என்று எண்ணினர். அந்த எண்ணத்தை நாம் எள்ளி நகைக்கலாகாது. அழியும் தறுவாயில் இருந்த ஒன்றைக் காத்தவர்கள் அவர்கள்.

ஆயினும் அதற்குரிய விலையும் உண்டு. திருமணமான பின்னரும் ஆடவர் நெடுங்காலம் கற்றுக்கொண்டிருக்க, மனைவியர் உழைத்துக் குடும்பம் நடத்துகின்ற நிலை இஸ்ரேலில் பரவலாக உண்டு, வறுமையும் உண்டு. நியூயார்க்கில் சில ஆண் பிள்ளைப் பள்ளிகள் ஆங்கிலமும் கணக்கும் போதிய அளவு கற்பிக்கவில்லை என்னும் முறையீடு அண்மை ஆண்டுகளில் அரசு வரை சென்றது. அங்கே பயின்று வெளிவந்த இளைஞர்களே முறையிட்டோருள் இருந்தனர் என்பதை நம் நினைவில் வைக்க வேண்டும். நூலை மட்டும் கொடுத்து, உலகில் நடக்கக் கால் கொடுக்காத கல்வி அரைக்கல்வியே.

இவ்விரண்டையும் இணைக்கும் நிறுவனங்கள் இன்று பல உள. நியூயார்க்கில் ஓர் எஷிவாவிலிருந்து வளர்ந்து 1928இல் எஷிவாக் கல்லூரி தோன்றியது. அதன் பல்கலைக்கழகத்தில் 1987இல் வணிகப் பள்ளி ஒன்றும் அமைந்தது. இஸ்ரேலில் 1969இல் எருசலேம் தொழில்நுட்பக் கல்லூரி, சமயக் கல்வியையும் தொழிற்கல்வியையும் இணைத்துத் தொடங்கிற்று. பெர்னார்டு லாண்டர் என்னும் சமூகவியல் பேராசிரியர் நியூயார்க்கில் நிறுவிய டூரோ கல்லூரி 1971இல் 35 மாணவர்களுடன் வகுப்புகளைத் தொடங்கியது. அது இன்று பல நாடுகளில் கிளைகளையுடைய பல்கலைக்கழகம். எஷிவா மாணவர்க்கு ஏற்ப மாலை வகுப்புகளும், ஆண் பெண் தனி வகுப்புகளும் வைத்ததே அதன் வளர்ச்சிக்கு ஒரு காரணம். ‘எங்கள் கடிகாரத்திற்கு நீ வா’ என்று மாணவனை அழைக்காமல், மாணவனின் கடிகாரத்தைப் பார்த்துக் கல்லூரி மணியடித்தது!

அங்கே அவன் கற்பது யாது? கணக்குப் பதிவியல், ஒப்பந்தச் சட்டம், நிதியியல், நிலத்தின் மதிப்பை அளக்கும் முறை, அடமானம், உரிமை மூலத்தைத் தேடும் முறை ஆகியன. நம் கணக்கிலேயே ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஒரு கட்டடத்தின் விலை 50,00,000 ரூபாய். ஆண்டு வாடகை 4,00,000. வரி, பழுதுபார்ப்பு, ஆளில்லாத மாதங்கள் ஆகியவற்றிற்கு 1,50,000 போனால், எஞ்சுவது 2,50,000. அஃதாவது விலையில் 5 விழுக்காடு. வாங்குவோன் 40,00,000 ரூபாயை 9 விழுக்காட்டு வட்டிக்குக் கடன் பெற்றால், வட்டி மட்டுமே 3,60,000. ஆண்டுதோறும் 1,10,000 ரூபாய் கையைவிட்டுப் போகும். வாடகையைப் பார்த்து மயங்கியவன், வட்டியைப் பார்க்க மறந்தான். விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்னும் நம்பிக்கையில் அமெரிக்காவில் கோடிக்கணக்கானோர் கடன் சுமந்தனர். 2008இல் வீட்டு விலை சரிந்தபோது உலகத்தின் வங்கிகளே ஆட்டங்கண்டன.

கணக்கோடு அவன் சட்ட வரலாறும் கற்கின்றான். அமெரிக்காவில் பல இடங்களில், கறுப்பின மக்களுக்கு வீட்டை விற்கலாகாது என்றும், சில இடங்களில் யூதர்க்கும் விற்கலாகாது என்றும் கிரயப் பத்திரத்திலேயே எழுதி வைத்தனர். அத்தகைய நிபந்தனையை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று 1948இல் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1968இல் வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. நேற்று வீடு மறுக்கப்பட்டவன் இன்று கட்டட உரிமையாளன் ஆனபோது, கதவைத் தட்டும் ஏழைக் குடித்தனக்காரனிடம் எவ்வாறு நடப்பான்? இவ்வினாவை மதிப்பீட்டு வாய்பாடு எழுப்பாது. பழைய நூல்தான் எழுப்பும். அதைக் கற்றோர் எல்லாரும் அதன்படி நடந்தனர் என்று நாம் கூறவில்லை; எந்தச் சமுதாயத்திலும் அது நடந்ததில்லை. ஆனால் கேள்வியாவது அவர்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

தாய்மார்களும் இதைக் கேட்க வேண்டும். 1646இல் பிறந்து 1724இல் மறைந்த கிளிக்கல் என்னும் யூதப் பெண்மணி, ஜெர்மனியில் கணவரோடு முத்து வாணிகம் செய்தவர். கணவர் இறந்த பின், பிள்ளைகளைக் காத்துத் தொழிலையும் நடத்தி, தம் வாழ்க்கையைத் தம் மக்களுக்கென எழுதி வைத்தார். கிராக்கோவில் தையல் தொழில் செய்த சாரா ஷெனிரர் என்னும் பெண்மணி, தம்மிடம் துணி தைக்க வந்த பெண்களுக்கு அழகிய ஆடை இருக்கின்றது. அறிவுக்கு உணவில்லையே என்று வருந்தி, 1917இல் சிறுமியர்க்கு மறைக்கல்விப் பள்ளி தொடங்கினார். அது நாடுகள் பலவற்றிற் பரவிய பெரும் இயக்கமாயிற்று. ஊசி பிடித்த கையே பள்ளியையும் கட்டியது.

தோழர்களே, நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு உண்டு. அவர்கள் நூலைக் கைவிடாமல் காத்தனர். நமக்கு எழுத்தே மறுக்கப்பட்டது. ஆகவே, ‘நமக்கேது மரபுக் கல்வி?’ என்று கேட்பார் உளர். 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசனாரும், 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை நடத்தத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரும் வைத்துச் சென்றவை நமக்கு ஏடுகள் அல்லவா? அண்ணலின் எழுத்துகள் நமக்கு வழிநூல்கள் அல்லவா? அவ்வண்ணல் பம்பாயில் தமக்கென எழுப்பிய இராஜகிருகம் என்னும் இல்லம் நூல்களுக்காகவே திட்டமிட்டுக் கட்டப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். நிலமும் நூலும் அங்கே ஒன்றாயின.

நிலத்தைப் பற்றி மேலும் ஒன்று. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரெமென்கீர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் நம் மக்களுக்கு நிலம் வழங்க ஆங்கில அரசு ஆணையிட்டது. அவற்றையே பஞ்சமி நிலம் என்கின்றோம். பிறர்க்கு விற்கலாகாது என்னும் நிபந்தனை இருந்தும், பல நிலங்கள் கைமாறிப் போயின. கடன் சீட்டில் கைநாட்டு வைத்தவன், அதில் எழுதியிருந்ததைப் படிக்க அறியான். நிலத்தைத் தந்த ஆணை, அதைக் காக்கும் கல்வியைத் தரவில்லை. ஆதலின், மனைத்தொழில் பயிலும் நம் பிள்ளைகளை நாம் குறை கூறவில்லை, வாழ்த்துகின்றோம். மூலப் பத்திரம், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் படித்தறியும் இளைஞன் ஒருவன் ஊருக்கு ஒருவனேனும் வேண்டும். ஆனால் அவன் தன் தரகுக்காக மட்டும் படிப்பானாயின் நமக்கென்ன பயன்? எழுத்தறியாத தாய் ஒருத்தி மடித்து வைத்திருக்கும் பழைய தாளை விரித்து, ‘அம்மா, இதில் கையெழுத்து வைக்காதீர்கள்’ என்று சொல்லும் நெஞ்சும் அவனுக்கு வேண்டும். அந்நெஞ்சைத் தருவதே படிப்பகத்தின் வேலை.

யூத அறிஞர் ஒரு செய்தி கூறுவர். மறுமையில் மனிதனிடம் கேட்கப்படும் முதற்கேள்வி, கொடுக்கல் வாங்கலில் நேர்மையாக நடந்தாயா என்பதாம். அடுத்த கேள்வி, கல்விக்கென நேரம் ஒதுக்கினாயா என்பதாம். கேள்விகளின் வரிசையை நோக்குங்கள். வணிகம் செய்தாய், அதனால் தாழ்ந்தாய் என்று அவனை யாரும் ஒதுக்கவில்லை. வணிகத்தில் நேர்மையும், அதனூடே கற்க ஒரு நேரமும் வேண்டினர். அந்நேரத்தைப் பலர்க்கும் வகுத்துக் கொடுத்தவர் மேயர் ஷபீரோ என்னும் போலந்து நாட்டு அறிஞர். நாளுக்கு ஓர் ஏடு வீதம் உலகெங்கும் ஒரே நாளில் ஒரே பாடத்தை ஓதும் முறையை 1923இல் அவர் ஏற்படுத்தினார். தல்மூதின் 2,711 ஏடுகளும் முடிய ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் ஆகும். 2020இல் 14ஆம் சுற்றுத் தொடங்கியது. கடைக்காரரும் கட்டட உரிமையாளரும் கணக்கரும் விடியற்காலையில் அந்த ஓர் ஏட்டை ஓதிவிட்டே தொழிலுக்குச் செல்கின்றனர்.

ஆகவே, வெள்ளி விழாக் காணும் நம் கழகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, நம் படிப்பகத்தில் இருவர் இருவராக அமர்ந்து, நாளுக்கு ஒரு பக்கம் படித்து, உரத்து வாதிடும் முறை தொடங்குக. கல்லூரி செல்வோர்க்கும் கடை வைத்திருப்போர்க்கும் ஏற்ற வேளையை அவர்களைக் கேட்டே வைப்போம். இரண்டாவது, அதே கூடத்தில் வாரத்தில் ஒரு மாலை, கணக்கும் பத்திரமும் பட்டாவும் படிக்கக் கற்பிப்போம். பெண்களும் அதில் அமர வேண்டும். மூன்றாவது, சிறு தொகையாயினும் ஒரு வட்டியில்லாக் கடன் நிதி தொடங்குவோம். நியூயார்க்கில் அது 95 டாலரில் தொடங்கியது. நம்மால் அவ்வளவும் இயலாதா?

கையில் நிலம் இருந்து அறிவு இல்லாதபோது நிலத்தை இழந்தோம். அறிவும் நிலமும் சேர்ந்து, நெஞ்சில் நம் நூல் இல்லாதுபோனால், நம்மையே இழப்போம். பிள்ளைகளே, வணிகம் பயிலுங்கள், மனை வாங்குங்கள், வீடு கட்டுங்கள். அவ்வீட்டில் ஒரு சுவரை நூல்களுக்கென விட்டு வையுங்கள். நாள்தோறும் ஒரு மணி நேரத்தை அச்சுவருக்குக் கொடுங்கள்.